அப்டேட்: பாண்டுங்ல வாங்குன மரப்பொம்மை

போன மாசம் இந்தோனேசியாவுல பாண்டுங்ல ஒரு பழைய சாமான் கடையில வாங்குன கூத்துப் பொம்மையோட போட்டோ போட்டு, இது ராவணனா, நெஜமாவே பழசா, என்ன விலை பெறும்னு கேட்டிருந்தேன்ல. ராவணன் இல்லங்க, செபோட்! சிவப்பு மூஞ்சி, கீழ ஒத்தப் பல்லு, கூத்துல வர்ற செமார்ங்கிற கோமாளியோட மூத்த பையன், மேற்கு ஜாவாவுல இருக்குற சுண்டா மக்களுக்கு உசுரு. நபிகளோட சித்தப்பா அமீர் ஹம்சா கதை ஆடுற மத்திய ஜாவா கோலெக் (மரப்பொம்மைக் கூத்து) வேற, அதுல இவன் கிடையாது.

ரொம்ப வருஷமா கூத்து ஆட்டுற தாலாங் (பொம்மலாட்டக்காரர்) ஒருத்தர்கிட்ட காட்டுனேன். அவர் மூஞ்சிய பாக்கவே இல்ல, பாவாடைய தூக்கி நடுக்குச்சியத்தான் பாத்தாரு. அந்தக் குச்சி உடம்பு வழியா தலை வரைக்கும் போகும், திருப்புனா தலை திரும்பும், அடிமுனை கூரா இருக்கும், ஏன்னா ஆட்டத்துல அத வாழைத்தண்டுல குத்தி நிறுத்துவாங்க. என்னோடதுல முனையில வாழைக்கறை கருப்பா ஏறிக்கெடக்கு, கை பிடிக்கிற எடம் வழவழன்னு தேஞ்சிருக்கு, அப்போ நெஜமாவே கூத்துல ஆடுன பொம்மைதான், அத பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

பெயிண்ட் புதுசா இருக்கேன்னு வருத்தப்பட்டேன், ஆடுற பொம்மைக்கு திரும்பத் திரும்ப பூசுறது வழக்கம்தானாம். காதுக்குப் பின்னாடி பழைய பூச்சு உரிஞ்சு தெரியுது. துணியும் மாத்துவாங்க, அத வெச்சு வயசு சொல்லாதீங்க. ஸ்டாண்டுல ஒட்டி தலை திரும்பாம இருந்தா அனேகமா டூரிஸ்டுக்கு செஞ்சது.

விலைன்னா, ஒரே தாலாங் ஆட்டுன முழு செட்டுக்குத்தான் மதிப்பு, ஒத்தப் பொம்மைக்கு பெருசா வராதுன்னாரு. பரவால்ல, நான் விக்கப் போறதில்ல.