பீமிஷ் மியூசியம் பக்கம் வீடு எடுத்துத் தங்கி, நாமே சமைத்துச் சாப்பிட...

ரெடிங்_குடும்பம்:
மே கடைசியில் ஹாஃப் டெர்ம் (பள்ளி இடைவிடுமுறை). ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வயது 6, 10. வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்தில் இருக்கும் பீமிஷ் திறந்தவெளி மியூசியத்தை மையமாக வைத்து ஒரு வாரம் வீடு எடுக்கலாம் என்று யோசனை. அப்பாவுக்கு முட்டி வலி. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மியூசியத்துக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? சமையலறை விஷயத்தில் முன்கூட்டியே என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

டைன்கரை:
ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இடம் 350 ஏக்கர். 1820களின் பண்ணை வீடு, 1900களின் டவுன், சுரங்கத் தொழிலாளர் கிராமம், 1940களின் பண்ணை, 1950களின் டவுன் என்று ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி இருக்கிறது. அங்கே விற்கும் அன்லிமிட்டெட் பாஸ் ஒரு வருடம் செல்லும். ஒருமுறை கட்டினால் அந்த வருடத்தில் சாதாரண நாட்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் (மாலை நேர விசேஷங்களுக்கு மட்டும் தனி டிக்கெட்). இரண்டு அல்லது மூன்று அரை நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், அப்பா கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கலாம். அதனால் வீடு காரில் 15, 20 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்: ஸ்டான்லி, செஸ்டர் லெ ஸ்ட்ரீட், லான்செஸ்டர் பக்கம் தேடுங்கள். விளம்பரத்தில் 'பீமிஷ் அருகில்' என்று போட்டுவிட்டு தூரத்தில் வீர்டேலில் இருக்கும் வீடுகளும் உண்டு. மேப்பில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதல் நாள் திறந்த உடனே சுரங்கக் கிராமத்துக்குப் போங்கள். அங்கே மகோகனி ட்ரிஃப்ட் என்ற 1850களின் நிஜச் சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு கூட்டிப் போவார்கள். சின்னச் சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள், மதியத்துக்குள் வரிசை நீண்டுவிடும். தலைக்கு ஹெல்மெட் கொடுப்பார்கள். ஆனால் கூரை தாழ்வு, பெரியவர்கள் முதுகை வளைத்தேதான் நடக்க வேண்டும். முட்டி வலிக்காரருக்கு இது சரிப்படாது. அந்த நேரத்தில் அவர் அதே கிராமத்தில் இருக்கும் பழைய பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.

உள்ளே சுற்ற டிராமும் பழைய பஸ்ஸும் இலவசம். டிராமில் படி உயரம். சக்கர நாற்காலி ஏறும் பஸ் ஒன்று தனியாக ஓடுகிறது, நுழைவாசலிலேயே கேட்டுவிடுங்கள். டவுன் தெரு கல் பாவியது. மழை பெய்தால் வழுக்கும், தட்டை அடிச் செருப்பு வேண்டாம்.

ஹரோ_அக்கா:
வீட்டைப் பற்றி நான் சொல்லுறன். 'எட்டுப் பேர் தங்கலாம்' எண்டு போட்டிருந்தால் அதிலை ரெண்டு பேர் சோஃபா பெட்டிலை எண்டு வையுங்கோ. கல்லுக் கட்டின பழைய காட்டேஜிலை படி செங்குத்தாயும் ஒடுக்கமாயும் இருக்கும். அப்பாவுக்குக் கீழ்த்தளத்திலை படுக்கை அறையும் அதே தளத்திலை டாய்லெட்டும் இருக்கோ எண்டு எழுத்திலை கேளுங்கோ. படத்தை நம்பாதேங்கோ. துவாயும் கேட்டுப் பாருங்கோ, கனக்க இடத்திலை படுக்கை விரிப்பு தருவினம், துவாய் தரமாட்டினம்.

குசினியிலை முதற் கேள்வி: அடுப்பு காஸோ, செராமிக்கோ, இண்டக்சனோ? இண்டக்சன் எண்டால் அலுமினிய பிரஷர் குக்கர் வேலை செய்யாது. குக்கரின்ரை அடியிலை காந்தம் ஒட்டிப் பாருங்கோ, ஒட்டினால் கொண்டு போகலாம். ரைஸ் குக்கர் ஒண்டு எப்பிடியும் கொண்டு போங்கோ. 180 மில்லி கப்பாலை மூண்டு கப் அரிசி உங்கடை ஆறு பேருக்குக் காணும். அடுப்பிலை ஒரு இடமும் மிச்சம்.

தாளிக்கேக்கைதான் பிரச்சினை வாறது. குசினியும் ஹோலும் ஒண்டாய் இருக்கிற வீட்டிலை செத்தல் மிளகாய் கருகினால் புகை அலாரம் அடிக்கும். அலாரங்கள் ஒண்டோடை ஒண்டு தொடுப்பு, ஒண்டு அடிச்சால் முழு வீடும் அடிக்கும். எக்ஸ்ட்ராக்டரை (புகை இழுக்கிற விசிறி) போட்டு ஜன்னலைத் திறந்துபோட்டுத்தான் எண்ணெயை வையுங்கோ. கடுகு வெடிச்சதும் அடுப்பை நிப்பாட்டி, பிறகு மிளகாயும் கறிவேப்பிலையும் போடுங்கோ, அந்தச் சூடே காணும். அலாரத்தை மூடிக் கட்டுற வேலை மட்டும் வேண்டாம். வெள்ளை மேடையிலை மஞ்சள் சிந்தினால் அப்பவே துடையுங்கோ, காய விட்டால் டெபாசிட்டிலை கழிப்பினம். நாட்டுப்புற வீடுகளிலை கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகும். சிங்கிலை எண்ணெய் ஊத்தாதேங்கோ, டாய்லெட்டிலை வைப்ஸ் (ஈரத் துடைப்புத் தாள்) போடாதேங்கோ.

சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேருறியள் எண்டால் சாமான் அண்டைக்கே வாங்குங்கோ. ஞாயிற்றுக்கிழமை பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம், அது சட்டம். ஸ்டான்லியிலை அஸ்டா இருக்கு. வெண்டைக்காய், தேங்காய், உளுந்து வேணும் எண்டால் நியூகாசில் வெஸ்ட் ரோட் பக்கம் போகவேணும்.

டைன்கரை:
சாப்பாட்டில் ஒன்றை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சுரங்கக் கிராமத்தில் இருக்கும் டேவிஸ் மீன் வறுவல் கடையில் நிலக்கரி அடுப்பு, பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். மீன் மட்டுமல்ல, சிப்ஸும் அதில்தான். 'உருளைக்கிழங்குதானே' என்று வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அங்கேதான் பலர் ஏமாறுவது. வாசனை தெரு முழுக்க வரும், பிள்ளைகள் கேட்பார்கள், அதனால் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற கடைகளிலும் எந்தக் கொழுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பேஸ்ட்ரியில் பன்றிக் கொழுப்பும் முட்டையும், மிட்டாயில் ஜெலட்டினும் இருக்கலாம். இதையெல்லாம் யோசித்தால் எலுமிச்சை சாதமும் சப்பாத்தி ரோலும் கட்டிக்கொண்டு போய் வெளியே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதே நிம்மதி.

மழை நாள் வந்தால் ஷில்டனில் லோகோமோஷன் ரயில் மியூசியம் இருக்கிறது. அனுமதி இலவசம், பெரும்பாலும் கூரைக்குள்ளேயே.

ரெடிங்_குடும்பம்:
ரொம்ப நன்றி. வீட்டுக்காரரிடம் கேட்டேன், இண்டக்சன்தானாம். தோசை மாவு இங்கிருந்தே எடுத்து வரலாமா, அங்கே போய் அரைப்பதா?

ஹரோ_அக்கா:
புளிச்ச மாவையே கொண்டு போங்கோ. முதல் நாள் இரவு ஃபிரிஜ்ஜிலை நல்லாய்க் குளிர விட்டு, ஐஸ் பேக் போட்ட கூல் பாக்ஸிலை வையுங்கோ. டப்பாவிலை அரைவாசிக்கு மேலை ஊத்தாதேங்கோ. அஞ்சு மணித்தியாலத்துக்கு மேலை ஓட்டம், காருக்குள்ளை மாவு பொங்கி மூடியைத் தள்ளும். அங்கை போய்ப் புளிக்க வைக்கிறதெண்டால் அந்தக் குளிருக்கு லேசிலை பொங்காது. ஓவனுக்குள்ளை (பேக் பண்ணுற அடுப்பு) லைட்டை மட்டும் போட்டு இரவு முழுக்க வைக்கவேணும், ஆரும் தெரியாமல் சூட்டைப் போடாமலிருக்க பட்டனிலை ஒரு காகிதத் துண்டு ஒட்டிவிடுங்கோ.

தோசைக்கல்லு அலுமினிய நான்ஸ்டிக் எண்டால் சரிவராது, இரும்புக்கல்லு சரி. கண்ணாடி மேடையிலை இழுக்காமல் தூக்கி வையுங்கோ, கீறல் விழும். எடுத்தவுடனை ஃபுல்லிலை வைச்சால் நடு மட்டும் காய்ஞ்சு தோசை நடுவிலை பிடிக்கும், ஓரம் வெளிறிக் கிடக்கும். நடுத்தரச் சூட்டிலை அஞ்சு நிமிசம் காய விட்டு, வெங்காயத் துண்டாலை எண்ணெய் தேய்ச்சு, பிறகு ஊத்துங்கோ.