வீட்டுல ஆயாவையும் (பாட்டி) தம்பி தங்கச்சியையும் பாத்துக்கிற பொண்ணுங்கள பத்தி ஆராய்ச்சி. இன்டர்வியூல ஒரு வரிக்கு மேல பதிலே வரல, என்ன பண்றது?

பென்னாகரம்_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். நான் எஜுகேஷன்ல பிஎச்.டி பண்றேன், பார்ட் டைம். எங்க பக்கம் நிறைய ஊர்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே பெங்களூருக்கு பில்டிங் வேலைக்குப் போயிடறாங்க, புள்ளைங்க ஆயாகிட்ட இருக்கும், பொங்கலுக்கோ ஊர் திருவிழாவுக்கோ வந்துட்டுப் போவாங்க. அந்த மாதிரி வீட்டுல எட்டாவது ஒம்பதாவது படிக்கிற பொம்பளப் புள்ளைங்கதான் சமையல், சின்னதுங்கள கெளப்பி ஸ்கூலுக்கு அனுப்பறது, முடியாத ஆயாவ பாத்துக்கறதுன்னு எல்லாமே செய்யுதுங்க. இது அவங்க படிப்போட எப்படி கலந்து கெடக்குன்னு குவாலிடேட்டிவா (எண்ணிக்கையா இல்லாம, பேசியும் கூட இருந்து பாத்தும்) பண்றதுதான் என் டாபிக்.

ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டு இருக்கேன். ஒண்ணு, இன்டர்வியூல எதுவுமே வரமாட்டேங்குது. "வீட்டு வேலையால படிக்க கஷ்டமா இருக்காமா"ன்னா "இல்லக்கா". "யாரு சமைப்பா"ன்னா "ஆயா". ஆனா நான் உள்ள போறப்ப அந்தப் புள்ளதான் அடுப்பு முன்னாடி களி கிண்டிட்டு இருக்கு, ஆயா திண்ணையில கால நீட்டி உக்காந்திருக்கு. ரெண்டாவது, கமிட்டியில ஒரு சார் "ஹைப்போதிசிஸ் (முன்னாடியே வைக்கற ஊகம்) எங்கம்மா, இருவது பேர வச்சுக்கிட்டு என்ன சொல்லிட முடியும், முந்நூறு பேருக்கு கொஸ்டினர் குடுத்து எஸ்பிஎஸ்எஸ்ல (புள்ளிவிவர சாஃப்ட்வேர்) போடு"ன்னுட்டாரு. எங்க கைடு நல்லவருதான், ஆனா அவரும் சர்வே பண்ணி வந்தவரு, கமிட்டி சாருக்கு என்ன பதில் சொல்லணும்னு தெரியல. இந்த மாதிரி ஃபீல்டுல போனவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

ராயக்கோட்டை_செல்வி

மொதல்ல கேள்விய மாத்துங்கம்மா. "கஷ்டமா இருக்கா"ன்னு கேட்டா எந்தப் புள்ளையும் ஆமான்னு சொல்லாது, ஆமான்னு சொன்னா பெங்களூருல வெயில்ல நிக்கிற அம்மாவ விட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும், ஆயா வேற பக்கத்துலயே காது குடுத்துக்கிட்டு இருக்கும். அதுக்குப் பதிலா நேத்த பத்தி மட்டும் கேளுங்க. நேத்து எத்தன மணிக்கு எந்திரிச்ச, எந்திரிச்சு மொதல்ல என்ன பண்ண, அப்புறம்? அவ்வளவுதான், அந்த "அப்புறம்"தான் உங்க இன்டர்வியூ கைடு. இடையில "பாவம்", "அடடா"ன்னு எதுவும் சொல்லிடாதீங்க, சொன்னா புள்ள நிறுத்திக்கும்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஃபீல்டு வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், ஒரு வீட்ட சொல்றேன். ஒம்பதாவது படிக்கிற பொண்ணு, ஆயாவுக்கு சுகரு, பிரஷரு ரெண்டும். "ஆயாதான் என்ன பாத்துக்குது"ன்னு உறுதியா சொல்லுச்சு. நேத்த பத்தி கேட்டதும் வேற கதை வருது. தண்ணி விடற நாளுன்னா விடியறதுக்கு முன்னாடியே குடத்த வரிசையில வைக்கணும், தம்பிய எழுப்பி பல்லு வெளக்க விடணும், ஆயாவுக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரை எது அப்புறம் போடறது எதுன்னு இவதான் பிரிச்சுக் குடுக்கணும். மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்கா மாத்திரைய ஆயா கையில குடுத்தாலும் விவரத்த இவகிட்டதான் சொல்லிட்டுப் போறாங்க. அட்டையில நாலஞ்சு மாத்திரை மிச்சம் இருக்கறப்பவே அந்த அக்காவுக்குப் போன் போட்டு சொல்றதும் இவதான். இதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு வேலையாவே தோணல, நேத்து நடந்ததா சொல்லுச்சு, அவ்வளவுதான்.

இத எழுதறப்ப உங்களுக்கு ஃபிஷரும் ட்ரான்டோவும் உதவுவாங்க. 1990ல அவங்க ரெண்டு பேரும் கவனிப்ப நாலு கட்டமா பிரிச்சாங்க: ஒரு தேவை இருக்குன்னு கண்ணுல படறது, அது என் பொறுப்புன்னு எடுத்துக்கறது, கையால செய்யறது, கடைசியா அத வாங்கிக்கிறவங்களுக்கு அது எப்படி இருந்துச்சுங்கறது. கொஸ்டினர்ல "மாத்திரை யாரு குடுப்பா"ன்னு மூணாவது கட்டத்த மட்டும்தான் கேப்போம். மாத்திரை தீரப்போகுதுன்னு கணக்கு பரிட்சை எழுதறப்பவும் யாரு மண்டையில ஓடிக்கிட்டு இருக்குன்னு கேக்கவே மாட்டோம். உங்க டாபிக்குக்கு உயிரே அதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்க மாவட்டத்துல சாமனப்பள்ளியிலதான் தொடங்குனாங்க, உங்க பக்கமும் அந்த தன்னார்வலர் அக்காங்க இருப்பாங்க. அவங்களையும் பேட்டி எடுங்க. எந்த வீட்டுல யாரு யார பாத்துக்கறாங்கன்னு அவங்க அளவுக்கு யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, மொத ரெண்டு மூணு தடவ ரெக்கார்டு பண்றேன்னு செல்போன வெளியவே எடுக்காதீங்க. கீரை ஆயறாங்கன்னா நீங்களும் ஒரு கை ஆயுங்க, பேச்சு தானா வரும். திரும்பி வர்ற பஸ்ஸுலயே ஞாபகம் இருக்கறத எல்லாம் எழுதிடுங்க, ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டா பாதி போயிடும்.

தருமபுரி_மாணவன்

செல்வி அக்கா சொன்னதுல எல்லாம் சரி, ரெக்கார்டிங் மட்டும் எனக்கு ஒத்துக்கல. சேந்து உக்காந்து பாக்கற நாள்ல போன் வேணாம், ஓகே. ஆனா இன்டர்வியூன்னு உக்காந்துட்டா அனுமதி கேட்டு ரெக்கார்டு பண்ணியே ஆகணும், இல்லன்னா அந்தப் புள்ள சொன்ன வார்த்தை போயி உங்க வார்த்தைதான் தீசிஸ்ல நிக்கும். பஸ்ஸுல எழுதறப்ப நாம நம்மள அறியாம அழகுபடுத்திடுவோம்.

கமிட்டி சாருக்கு பதில். சண்டை போடாதீங்க, அவரு கேக்கறது வேற கேள்வி. தருமபுரி மாவட்டத்துல எத்தன சதவீதம் பொண்ணுங்க இப்படி இருக்காங்கன்னு உங்க ஆராய்ச்சி கேட்டா முந்நூறு பேரு வேணும், சாம்பிளிங் ஃப்ரேமும் (யார்ல இருந்து எடுக்கறோம்ங்கற முழுப் பட்டியல்) வேணும். நீங்க கேக்கறது இந்த வேலை ஒரு வீட்டுக்குள்ள எப்படி ஒரு பொண்ணு மேல வந்து விழுது, ஸ்கூலு அத எப்படி பாக்குது அல்லது பாக்காம விடுதுங்கறது. அதுக்கு ஹைப்போதிசிஸ் கிடையாது, ஆராய்ச்சி கேள்விதான். சாம்பிள் பர்பசிவ்னு (தெரிஞ்சே தேர்ந்தெடுத்ததுன்னு) எழுதி யார ஏன் எடுத்தீங்கன்னு காரணம் சொல்லுங்க. ஆயா முடியாம கெடக்கற வீடு, ஆயா நல்லா நடமாடற வீடு, அண்ணன் இருக்கற வீடு, மூணும் வேணும், அண்ணன் இருந்தும் தங்கச்சிதான் களி கிண்டுதான்னு பாக்கணுமில்ல. எத்தன பேரு போதும்கறதுக்கு மால்டெருட்டும் கூட இருந்தவங்களும் 2016ல "இன்ஃபர்மேஷன் பவர்"னு ஒண்ணு சொன்னாங்க, கேள்வி குறுகலா இருந்து பேட்டி ஆழமா இருந்தா குறைஞ்ச பேரே போதும். சும்மா "சாச்சுரேஷன் வந்துடுச்சு"ன்னு (இனிமே பேட்டியில புதுசா எதுவும் வரலன்னு) ஒரு வரி எழுதிட்டு தப்பிக்காதீங்க, வைவாவுல அதத்தான் பிடிச்சு கேப்பாங்க.

அவருக்கு எண் வேணும்னா அரசாங்கமே எடுத்து வச்சிருக்கு. 2019 தேசிய நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவு பண்றாங்க, செய்யற ஆண்கள் 97 நிமிஷம். ஆறு வயசுக்கு மேல எல்லாரையும் கேட்டிருக்காங்க, அப்ப உங்க பொண்ணுங்க வயசும் அதுக்குள்ள வருது. அதுவும் செல்வி அக்கா சொன்ன மாதிரி முந்தின நாள் காலை நாலு மணியில இருந்து அரை மணி அரை மணியாதான் கேட்டிருக்காங்க. ஆனா ஒரு அரை மணிக்குள்ள பல வேலை நடந்தா பத்து நிமிஷமாச்சும் செஞ்சதத்தான் எழுதுவாங்க. மாத்திரை அட்டைய எண்ணிப் பாக்கறதுக்கு பத்து செகண்ட் ஆகுமா? அது அந்த அரை மணிக் கணக்குல எங்கயும் விழாது. முன்னுரையில இத வச்சீங்கன்னா சர்வே ஆளே ஒத்துக்குவாரு, ஏன்னா அவரோட முறைக்குள்ள நின்னே அது எங்க முடியுதுன்னு காட்டிட்டீங்க.

அனாலிசிஸ்க்கு பிரான், கிளார்க் 2006ல எழுதுன முறைய (பேட்டிகள்ல இருந்து தீம், அதாவது பொதுவான கருத்துகள எடுக்கறது) எல்லாரும் போடறாங்க, நீங்களும் போடுங்க, ஆனா "தீம் தானா வெளிப்பட்டது"ன்னு மட்டும் எழுதாதீங்க, அவங்களே அத ஒத்துக்கறதில்ல, தீம ஆராய்ச்சி பண்றவங்கதான் உக்காந்து உருவாக்கறாங்க. அதனால நீங்க யாரு, அதே ஊரு பக்கத்து பொண்ணு, உங்க வீட்டுல யாரு களி கிண்டுனாங்கன்னும் எழுதணும்.

தளி_டீச்சர்

நான் அரசுப் பள்ளியில இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். தயவுசெஞ்சு ஸ்கூல்ல வச்சு பேட்டி எடுக்காதீங்க. ஹெச்.எம். ரூம்ல உக்கார வச்சா அந்தப் புள்ளைக்கு நீங்களும் ஒரு டீச்சர்தான், லீவு போட்டதுக்கு விசாரிக்க வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கும். ஸ்கூல்ல வேற ஒண்ண பாருங்க. அட்டெண்டன்ஸ்ல முழு நாளும் பிரசன்ட்னு இருக்கும், ஆனா புள்ள மொத பீரியட் முடியறப்பதான் வந்திருக்கும். எந்தப் புள்ள தெனமும் லேட்டுன்னு எந்த பதிவேட்டுலயும் இருக்காது, கிளாஸ் டீச்சருக்கு மனசுல இருக்கும். டீச்சருங்களையும் கேளுங்க, "சோம்பேறி"ன்னு சொல்ற டீச்சரும் இருப்பாங்க, லேட்டா வந்தாலும் ஒண்ணும் கேக்காம உள்ள விடற டீச்சரும் இருப்பாங்க, ரெண்டு பேரும் ஒரே வீட்டத்தான் ரெண்டு விதமா படிக்கிறாங்க.

எங்க பக்கம் வீட்டுல கன்னடமோ தெலுங்கோதான், ஆயான்னு கேட்டா திரும்பியே பாக்காது, அஜ்ஜி இல்லன்னா அவ்வா. நீங்க இந்தப் பக்கமும் வர்றதா இருந்தா அவங்க பாஷையிலயே பேச ஆள் வச்சு, அதே பாஷையில எழுதி, அப்புறம் மாத்துங்க. பேரு மாத்தறது மட்டும் போதாதுங்கறதையும் யோசிங்க. அம்பது வீடு இருக்கற ஊருல "பக்கவாதம் வந்த தாத்தா, மூணு பேத்திங்க"ன்னு எழுதுனா ஊரே சொல்லிடும் யாரு வீடுன்னு. ஊரு பேரு, புள்ளைங்க எண்ணிக்கை, நோயி, இதுல ரெண்டையாச்சும் கலைச்சு எழுதணும்.

சம்மதம் பெத்தவங்ககிட்ட வாங்கணும், போன்ல பேசியாச்சும். புள்ளைகிட்ட தனியாவும் கேக்கணும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி ஏழுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் வாய்ச்சொல்லா, அதுக்கு மேல பதினெட்டு வரைக்கும் எழுத்துல. ஆயா சரின்னுட்டாங்கன்னு விட்டுடக் கூடாது.

பென்னாகரம்_பொண்ணு

ரொம்ப ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, டீச்சர். நேத்து ஒரு வீட்டுல "அப்புறம்" முறையில கேட்டுப் பாத்தேன், அந்தப் புள்ள நிறுத்தாம பேசுச்சு, நான் இத்தன நாளா என்ன கேட்டுக்கிட்டு இருந்தேன்னு தோணுச்சு. ஆனா பேச்சு வாக்குல ஒண்ணு சொல்லுச்சு, பத்தாவது முடிஞ்சதும் அத்தை பையனுக்கு குடுக்கப் போறாங்களாம், பேசி வச்சாச்சாம். "யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா"ன்னுச்சு. வயசு பதினாலு. நான் பேரு வெளிய வராதுன்னு வாக்கு குடுத்திருக்கேன். எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

ராயக்கோட்டை_செல்வி

கண்ணு, பேரு தீசிஸ்ல வராதுன்னு நீ குடுத்த வாக்கு வேற, ஒரு புள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிறது வேற. 2006 சட்டப்படி பதினெட்டுக்கு முன்னாடி கல்யாணம் குழந்தைத் திருமணம்தான், தடுக்கற அதிகாரி நம்ம மாநிலத்துல மாவட்ட சமூகநல அலுவலர், இல்லன்னா குழந்தைங்க உதவி எண் 1098க்கு அடிக்கலாம், உன் பேர சொல்லணும்னு அவசியமில்ல. ஏற்கனவே பாலியல் ரீதியா ஏதாச்சும் நடந்திருக்குன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுல சொல்லியே ஆகணும், ஆராய்ச்சிக்காரங்களுக்கு அதுல விலக்கு இல்ல. ஆனா உடனே போன எடுத்துடாத, இப்ப பேச்சுதான் நடந்திருக்கு, இன்னும் டைம் இருக்கு. மொதல்ல உன் கைடுகிட்ட சொல்லு. அப்புறம் அந்தப் புள்ளகிட்டயே போயி உனக்கு என்ன வேணும்னு கேளு, யாருகிட்ட பேசுனா அவளுக்கு நல்லதுன்னு அவளுக்குத் தெரியும், சில வீட்டுல டீச்சர் ஒருத்தர் பேசுனாலே பதினொண்ணாவது சேத்துடுவாங்க. அவளுக்குத் தெரியாம அதிகாரிங்க வாசல்ல வந்து நின்னா அவ யாரையும் நம்ப மாட்டா. தேதி வச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா மட்டும் காத்திருக்காத.

இனிமே சம்மதம் கேக்கறப்பவே சொல்லிடு: நீ சொல்றது வெளிய போகாது, ஆனா உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா உன்கிட்ட சொல்லிட்டு ஒருத்தர்கிட்ட சொல்லுவேன்னு.

தளி_டீச்சர்

எங்க ஸ்கூல்ல இப்படி பேசி நிறுத்துனது நடந்திருக்கு. அந்த ஊரு ஹை ஸ்கூல்ல அந்தப் புள்ளைக்கு நம்பிக்கையான டீச்சர் யாருன்னு கேட்டு வைங்க, பதினொண்ணாவது எந்த ஸ்கூலு, பஸ்ஸு எத்தன மணிக்கு, ஹாஸ்டல் இருக்கான்னு விவரத்தோட போங்க. தம்பிய யாரு பாத்துக்கறதுங்கற கேள்விதான் அந்த வீட்டுல மொதல்ல வரும், அதுக்கு ஒரு பதில் கையில இருக்கணும்.