விமான நிலையச் சோதனை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

கேள்வி: ஒரு விமான நிலையத்தில் மடிக்கணினியை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள்; இன்னொன்றில் பையைத் திறக்கவே வேண்டாம் என்கிறார்கள். இப்படி மாறும் சோதனை உண்மையில் பாதுகாப்புத் தருகிறதா?

பதில் 1: முக்கியக் காரணம் கருவிதான். பழைய எக்ஸ்ரே தட்டையான படத்தையே காட்டுவதால், மடிக்கணினி பிற பொருள்களை மறைத்துவிடும். சிடி ஸ்கேனரில் பையை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்கலாம். திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006இல் பிரிட்டனில் முறியடிக்கப்பட்ட பின், கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவங்களுக்கு வந்த 100 மில்லிலிட்டர் வரம்பும், இக்கருவி உள்ள சில நிலையங்களில் தளர்ந்துள்ளது.

பதில் 2: கருவி மட்டும் போதாது. அமெரிக்காவில் அதிகாரிகளே பயணிகள்போல் வந்து நடத்திய இரகசியச் சோதனைகளில், ஆயுதங்களையோ போலி வெடிபொருள்களையோ உள்ளே கொண்டு செல்லும் 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை என்று 2015இல் செய்தி வெளியானது. திரையைப் பார்ப்பவரின் பயிற்சியைப் பற்றியே எனக்குப் பெருங்கவலை.

கேட்டவர்: விளக்கத்துக்கு நன்றி. எதை வெளியே எடுக்க வேண்டும் என்பதை வரிசையின் தொடக்கத்திலாவது எழுதி வைக்கலாமே. முதியவர்கள் தட்டின் முன் திணறுவதைக் கண்டு மனம் பொறுக்கவில்லை.