வடக்குத் தெரு வீடு (குடும்பக் குழு)

31 மே 2025, சனி

பெரியப்பா, காலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். திங்கள் ஜூன் 2 பள்ளிக்கூடம் திறக்குது. நம்ம ஊர் தொடக்கப்பள்ளி தலைமையாசிரியை நேத்து சாயந்திரம் வீட்டுக்கு வந்தாங்க. போன வருஷம் மொத்தம் 23 பிள்ளைங்க. அஞ்சாவது முடிச்சு 7 பேர் போயாச்சு. ஒண்ணாவதுக்கு இதுவரை பேர் கொடுத்தது 2 தான். ஆக 18. நம்ம வீட்டுல இந்த வருஷம் ஒண்ணாவது போற பிள்ளை யாழினி. நாளைக்குக் காலைல 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். குமாரு, நீயும் மீனாவும் வரணும். பதில் போடவும்.

ஜெயா அத்தை, 6:40
வணக்கம்ணா 🙏

செல்வம் மாமா துபாய், 6:44
18 தானா மச்சான்? நாம படிக்கறப்ப ஒண்ணாவதுலயே 40 பேரு. தரையில இடம் பிடிக்கச் சண்டை

சித்தப்பா, 6:51
முந்திரிக்கொட்டை கட்ட சாக்கு 10 வேணும். யார்ட்ட இருக்கு

குமார் அண்ணன், 7:20
பெரியப்பா, அவள டவுன்ல சேத்தாச்சு. பாதி ஃபீஸ் கட்டிட்டேன். வேன் வாசலுக்கே வருது

பெரியப்பா, 7:38
கோவப்படாம முழுசாப் படி. இந்த வருஷம் பிளஸ் டூவுல மாநிலத்துலயே முதல் மாவட்டம் நம்ம அரியலூர். 98.82 சதவீதம். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து 95.03. போன வருஷம் பத்தாவதுலயும் நாமதான் முதல், 97.31. 2011 கணக்குப்படி மொத்த ஜனமே ஏழரை லட்சம்தான். சிமெண்ட் ஆலையும் முந்திரியும் தவிர என்ன இருக்கு நமக்கு? அப்படிப்பட்ட ஊர்ல நம்ம வாத்தியாருங்க இவ்வளவு செஞ்சிருக்காங்க.

நான், 7:45
பெருமையாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா பன்னிரண்டாவதுல முதலிடம் வாங்கற அதே மாவட்டத்துல ஒண்ணாவதுக்கு 2 பேரா?

பெரியப்பா, 7:58
அதைத்தாம்மா சொல்ல வர்றேன். மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல வந்தது. அது கிடைக்கணும்னா ஆறாவதுலேருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், அதுக்கும் கணக்கு ஆறாவதுலேருந்துதான். அஞ்சாவது வரைக்கும் எங்க படிச்சேன்னு யாரும் கேக்கறதில்ல. அதனால ஜனங்க சின்னதுல வேன்ல ஏத்தி விட்டுட்டு, ஆறாவதுக்கு இங்க கொண்டுவந்து சேக்கறாங்க. தொடக்கப்பள்ளிதான் காலியாகுது.

குமார் அண்ணன், 8:01
அப்ப நானும் ஆறாவதுல சேத்துக்கறேன்

செல்வம் மாமா துபாய், 8:02
😂 வழியை நீங்களே சொல்லிக் கொடுத்துட்டீங்க மச்சான்

மீனா அண்ணி, 8:15
பெரிய மாமா தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு வகுப்புக்கும் ரெண்டு டீச்சர். ஒருத்தர் பயிற்சிக்குப் போனா எல்லாரும் ஒரே ரூம்ல. மார்ச்ல நான் போனப்ப மூணாவது படிக்கற பிள்ளை ஒண்ணு, ஒண்ணாவது பிள்ளையோட கையப் பிடிச்சு 'இ' எழுத வச்சுட்டு இருந்துச்சு. சுழி மட்டும் வரவே இல்ல. அதுவும் விடாம அழிச்சு அழிச்சு எழுத வைக்குது. பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா அது டீச்சர் செய்யவேண்டிய வேலை இல்லையா மாமா

பெரியப்பா, 8:24
நியாயம்தாம்மா. 60 பிள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. பிள்ளை வந்தாத்தான் மூணாவது வாத்தியார் வருவார்.

மீனா அண்ணி, 8:25
வாத்தியார் வந்தாத்தான் பிள்ளைய அனுப்ப மனசு வரும்

ஜெயா அத்தை, 8:27
காலைச் சாப்பாடு போடறாங்கல்ல. புதன்கிழமை பொங்கல்

செல்வம் மாமா துபாய், 8:30
சேக்கறதுக்குப் பிள்ளைங்க எங்க இருக்கு. எங்கம்மாவுக்கு நாங்க ஆறு பேரு. எனக்கு ஒண்ணு

பெரியப்பா, 8:33
உண்மை. ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளைனு தமிழ்நாட்டோட 2020 கணக்கு சொல்லுது.

சித்தப்பா, 8:41
அங்க இப்ப காலனிப் பிள்ளைங்கதான் படிக்குது. நம்ம தெருவுல யாரு அனுப்பறா

நான், 8:43
சித்தப்பா அப்படி எழுதாதீங்க. அரசு ஆவணத்துலேருந்தே அந்த வார்த்தையை எடுக்கறோம்னு போன மாசம் சட்டசபையில முதலமைச்சர் சொன்னாரு

சித்தப்பா, 8:44
உள்ளதைச் சொன்னேன் பிரியா

பெரியப்பா, 8:52
சேகரு, அந்தப் பிள்ளைங்க வரலைன்னா அப்பா கொடுத்த இடத்துல எப்பவோ பூட்டு தொங்கியிருக்கும். நம்ம தெரு விட்டுட்டு வந்த பள்ளிக்கூடத்தை அவங்கதான் காப்பாத்தி வச்சிருக்காங்க.

சித்தப்பா, 8:53
அந்த 20 சென்ட் யார் பங்குல குறைஞ்சுதுன்னும் எழுது

ஜெயா அத்தை, 8:55
காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா. ஆவணிக் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கணும், தாய்மாமன் பேர் வரிசை யாராவது அனுப்புங்க

குமார் அண்ணன், 8:56
வயசு வரிசைல போடுங்க அத்தை

ஜெயா அத்தை, 8:56
போன தடவை அப்படிப் போட்டுத்தானே பேச்சு வாங்குனேன்

மீனா அண்ணி, 9:10
மாமா நாளைக்கு நான் வர்றேன். சேக்கறேன்னு இப்ப வாக்குக் கொடுக்க முடியாது. டீச்சர்கிட்ட நாலு கேள்வி கேக்கணும்

குமார் அண்ணன், 9:11
கட்டின ஃபீஸ்?

மீனா அண்ணி, 9:11
வீட்டுக்கு வாங்க பேசிக்கலாம்

பெரியப்பா, 9:14
யாழினியையும் கூட்டிட்டு வாம்மா.

ஜெயா அத்தை, 9:20
மீனா, வர்றப்ப என் இட்லிக் குண்டானை எடுத்துட்டு வா. தைப்பொங்கலுக்கு வாங்கிட்டுப் போனது

சித்தப்பா, 9:47
கூட்டத்துக்கு நான் வரல. நாற்காலி பத்தலைன்னா என் வீட்டுல 12 இருக்கு, ஆளை அனுப்பு

குமார் அண்ணன், 9:49
சித்தப்பா சாக்கு என்ட்ட 6 தான் இருக்கு