சோடியம் ஈரணு மூலக்கூறு: தெவிட்டல் பள்ளம் 120 மெகாஹெர்ட்ஸ், எப்படிக் குறைப்பது?

கேள்வி:
ஹீட் பைப் அடுப்பில் (ஆவி முனையில் குளிர்ந்து, உள்ளிருக்கும் கம்பி வலை வழியே நடுவுக்குத் திரும்பும் குழாய்) சோடியம், 420° செல்சியஸ், ஆர்கான் 10 மில்லிபார். 488 நானோமீட்டர் டயோடு லேசரால் பி–எக்ஸ் பட்டையை (எக்ஸ் எனும் அடிநிலைக்கும் பி (B) எனும் கிளர்நிலைக்கும் இடையிலான வரிகள்) எடுக்கிறோம். உட்கவர் வரியின் அகலம் 1.7 கிகாஹெர்ட்ஸ், மூலக்கூறுகளின் வேகச் சிதறலால் வரும் டாப்ளர் அகலக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வலுவான பம்ப் கற்றையும் மெல்லிய சோதனைக் கற்றையும் எதிரெதிராக விட்டால், அந்த வரியின் நடுவில் விழும் குறுகிய தெவிட்டல் பள்ளம் மட்டும் 120 மெகாஹெர்ட்ஸ். பி நிலையின் ஆயுள் 7 நானோநொடிதானே, அதன்படி இயல்பகலம் 23 மெகாஹெர்ட்ஸ் அல்லவா வரவேண்டும்? சன்னல் கண்ணாடியும் சாம்பல் பூத்துப்போகிறது. வரிகளுக்கு ஜே எண் (சுழற்சி நிலையின் எண்) கொடுக்கவும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
ஆர்கான்தான் முதல் சந்தேகம். 420°யில் சோடியத்தின் ஆவியழுத்தம் 1 மில்லிபாரைத் தொடாது. ஆவியழுத்தம் ஆர்கானின் அழுத்தத்தை எட்டினால்தான் ஹீட் பைப் இயங்கும்; 10 வைத்தால் அது ஹீட் பைப்பே இல்லை, வெறும் அடுப்பு. ஆவியும் ஆர்கானும் கலந்து கிடக்கும். மோதலால் வரி அகலும். அதைவிடத் தொல்லை, மோதி வேகம் மாறிய மூலக்கூறுகள் பள்ளத்துக்கு அடியில் போடும் அகன்ற மேடு. அதையும் சேர்த்து ஒரே லோரன்ட்ஸ் வளைவாகப் பொருத்தினால் அகலம் பொய்யாக ஏறும். மேட்டுக்கு ஒரு காஸ் வளைவைத் தனியே கொடுங்கள்.

ஆர்கானை 1 மில்லிபார் அருகே இறக்குங்கள். பிறகு பம்ப் கற்றையின் திறனை நாலைந்து படியாகக் குறைத்து எடுத்து, பூஜ்யத் திறனுக்கு நீட்டிப் பாருங்கள். கற்றைகளுக்கு இடையே 10 மில்லிரேடியன் கோணம் இருந்தாலே 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் சேரும். அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

மறுமொழி 2:
அழுத்தத்தை மாற்றுவதென்றால் அடுப்பு ஆறியபின் மாற்றுங்கள். சூட்டிலேயே வெற்றிடப் பம்ப்பைத் திறந்தால் ஆவி வாயுவோடு இழுபட்டுச் சன்னலுக்கே போகும். சாம்பல் பூப்பது பெரும்பாலும் இதனால்தான். முனையைக் குளிர்விக்கும் தண்ணீர் உறையை வலையின் முனைக்கு ரொம்ப நெருக்கி வைத்தால் இன்னொரு வம்பு: சோடியம் 98°யில் உறையும், வலை வழியே திரும்பி வராமல் முனையில் கட்டியாகி ஒளிவழியை அடைக்கும்.

சன்னலைக் கழற்றினால் நேரே தண்ணீர் காட்டவே கூடாது. புகை உறிஞ்சும் பெட்டியில் (ஃபியூம் ஹூட்) வைத்து ஐசோபுரோப்பனால் விடுங்கள். குமிழி முழுக்க நின்றபின் எத்தனால், அதற்குப் பிறகே தண்ணீர்.

மறுமொழி 3:
ஜே எண்ணுக்கு லேசரை ஒரு வரியில் நிறுத்தி, ஒளிர்வை மோனோகுரோமேட்டரில் (அலைநீளம் பிரித்துக் காட்டும் கருவி) பாருங்கள். ஒவ்வொரு அதிர்வு நிலைக்கும் ஒற்றை வரி வந்தால் நீங்கள் பிடித்தது கியூ வரி (ஜே மாறாதது). இரட்டை வந்தால் பி (P, ஜே ஒன்று குறைவது; மேலே சொன்ன பி நிலை அல்ல) அல்லது ஆர் (ஜே ஒன்று கூடுவது). அந்த இரட்டையின் இடைவெளி, கீழ்நிலைச் சுழற்சி மாறிலியை (4ஜே + 2)ஆல் பெருக்கியது. இங்கே ஜே என்பது மேல்நிலையின் எண். மாறிலி சுமார் 0.15 செ.மீ.⁻¹, ஆகவே இடைவெளி 17 என்றால் ஜே 28. ஆர்கான் அயனி லேசரின் 488 வரி பிடிப்பது வி (அதிர்வு நிலையின் எண்)=3, ஜே=43இலிருந்து வி=6, ஜே=43க்குப் போகும் கியூ வரி. உங்கள் அளவீட்டுக்கு நல்ல அடையாளக் கல் அது.

எண் கொடுத்தபின் செறிவையும் ஒப்பிடுங்கள். சோடியம்-23இன் அணுக்கருச் சுழற்சி 3/2. அதனால் கீழ்நிலையில் ஒற்றைப்படை ஜேக்கும் இரட்டைப்படை ஜேக்கும் 5:3 என்று செறிவு மாறிமாறி வரவேண்டும். தலைகீழாக வந்தால் எண் ஒன்று தள்ளியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அலைவெண் அளவீட்டுக்கு அயோடின் குடுவை போதுமா?

மறுமொழி 3:
போதாது. அயோடினின் தனித்தனி வரிகள் 499.5 நானோமீட்டரோடு முடிந்துவிடும். 488க்கு டெலூரியம் குடுவை வேண்டும், 500° அளவில் சூடாக்கி.