என் கதைகளை வாசித்துச் சொல்ல ஒருவர் தேவை

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சக் காலமாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். பாத்திரங்கள் கதைக்கும் இடங்களில் பிரச்சினை இல்லை, "எங்கை போட்டு வாறாய்?" என்று தானாகவே வந்து விழுகிறது. ஆனால் கதைசொல்லியாக நான் சொல்லத் தொடங்கியதும் சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரை போல ஆகிவிடுகிறது. இல்லாவிட்டால் சென்னைச் சஞ்சிகைகளின் வாடை. (அவற்றை வாசித்தே வளர்ந்தவன், வேறென்ன வரும்!)

யாழ்ப்பாணத்தில் 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஆளுக்கு ஆள் நடை மாறுவது நன்றாக விளங்குகிறது. என் எழுத்தில் எது என்னுடையது என்றுதான் விளங்கவில்லை.

கதைசொல்லியின் நடையிலும் ஊர்ப்பேச்சைக் கலக்கலாமா? எந்த அளவுக்கு? உரக்க வாசித்துத் திருத்தும்படி ஒருவர் சொன்னார். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பிறகு, இரண்டு கதை அனுப்பினால், இரவல் மாதிரித் தெரியும் வரிகளுக்குக் கீழே கோடு போட்டுத் தர யாராவது முன்வருவீர்களா? பாராட்டு வேண்டாம். சனிக்கிழமைகளில் பொது நூலகப் பக்கம் நேரில் சந்திப்பதென்றாலும் சரி, வருவேன்.