மட்டக்களப்பிலிருந்து சென்னை: விமானத்தில் எவ்வளவு நேரம், வீட்டிலிருந்து எவ்வளவு நேரம்?

கல்லடி மகள்:
அம்மாவின் கண் சிகிச்சைக்காக அடுத்த மாதம் சென்னை போகிறோம். அவருக்கு 71 வயது, சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாடு முடித்து வெளிக்கிட்டால் போதும் என்கிறார் அம்மா. கல்லடியிலிருந்து கணக்கிட்டால் உண்மையில் எவ்வளவு நேரமாகும்? யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் கிட்டவா? நேர வித்தியாசம் இருந்தால் மருந்து வேளையையும் மாற்ற வேண்டும்.

வந்தாறுமூலையான்:
பலாலியைப் பாருங்கள். அங்கிருந்து சென்னை 350 கிலோமீற்றர்தான், கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து போகும் தூரத்தில் ஏறத்தாழப் பாதி.

வாவிக்கரை:
தம்பி சொல்வது வான்வழித் தூரம். பலாலியிலிருந்து பறப்பது விசிறி விமானம், வேகம் குறைவு. ஆகவே பாதித் தூரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நமக்குத் தரைவழிதான் கணக்கு. பலாலிக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். கட்டுநாயக்காவுக்கோ பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 300.

தங்கச்சி, என் மனைவியை இதே பயணத்தில் மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறேன். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் மட்டக்களப்பு சென்னைக்கு 606 கிலோமீற்றர், கட்டுநாயக்கா 643. நாம்தான் கிட்ட இருக்கிறோம்! ஆனாலும் தெற்கும் மேற்குமாக ஏழு மணி நேரம் வான் வண்டியில் போய், பிறகு வடக்கே பறக்கிறோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒன்றரை மணி என்பது விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து நிற்கும் வரை. ஆகாயத்தில் பறப்பது ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் நில்லுங்கள். இறங்கியபின் குடிவரவு, பெட்டி என்று ஒன்றரை மணி. எல்லாம் சேர்த்தால் பதின்மூன்று மணி நேரம்.

முதல் தடவை இரவு வான் வண்டியில் ஏறி நேரே விமானத்துக்குப் போனோம். மனைவியின் கால் இரண்டும் வீங்கி, சர்க்கரையும் ஏறி, மறுநாள் வைத்தியரிடம் போகவே முடியவில்லை. அடுத்த இரண்டு தடவையும் முதல்நாள் பகலில் புறப்பட்டு, விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் நீர்கொழும்பில் தங்கினோம். ஹபரணையிலும் குருநாகலிலும் இறக்கிப் பத்து நிமிடம் நடக்கவிட்டேன். அம்மாவுக்கும் அப்படிச் செய்யுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

நேர வித்தியாசம் இல்லை. 2006 ஏப்ரலிலிருந்து நம் கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் ஒன்றுதான்.

வந்தாறுமூலையான்:
தரைவழியை நான் யோசிக்கவில்லை, அண்ணன் சொல்வதே சரி. ரயிலில் போவதானால் கொழும்புக் கோட்டை வரை போகாமல் கம்பஹாவில் இறங்குங்கள், கட்டுநாயக்கா அங்கிருந்து கிட்ட.

கல்லடி மகள்:
மிக்க நன்றி அண்ணன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல்நாளே புறப்படச் சம்மதித்துவிட்டார். ரயில் வேண்டாம், வான் வண்டியே பேசுகிறேன். நீர்கொழும்பில் படி ஏறாமல் தங்கக்கூடிய இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.